ரெசிடேட்டிவைத் தாண்டாமல் கேட்க எதிலிருந்து தொடங்குவது? ஐந்து படைப்புகள், ஓர் ஒப்பீடு

ஓபராவோ (பாட்டாகவே நடக்கும் நாடகம்) ஒரட்டோரியோவோ (மேடை நடிப்பில்லாத சமயப் படைப்பு) கேட்கத் தொடங்கியவர்கள் சில வாரங்களில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பாட்டெல்லாம் பிடிக்கிறது, ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவே ஒருவர் பேச்சும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் எதையோ விறுவிறுவென்று சொல்லிக்கொண்டு போகிறார், கூடவே ஹார்ப்சிகார்ட் என்னும் பழைய விசைப்பலகை வாத்தியம் அங்கொரு தட்டு, இங்கொரு தட்டு. அதுதான் ரெசிடேட்டிவ். அதைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடலாமா?

போகாதீர்கள் என்பதே என் பதில். கதை நடப்பது அங்கேதான். யார் யாரை ஏமாற்றினார், யார் இறந்துபோனார், யார் யாருடைய மகன் என்பதெல்லாம் ரெசிடேட்டிவில்தான் வெளியே வரும். பாட்டு தொடங்கும்போது நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். பாடுகிறவர் அதை நினைத்து மகிழ்வார், அல்லது அழுவார்.

சரி, தாண்டாமல் கேட்கலாம் என்று உட்கார்ந்தாலும், பொருந்தாத படைப்பில் தொடங்கினால் அரைமணி நேரத்தில் சலித்துவிடும். அதற்குக் காரணம் பொறுமைக் குறைவு இல்லை. சொல் புரியாமல் ரெசிடேட்டிவ் கேட்பது, பக்கத்து அறையில் அந்நிய மொழியில் நடக்கும் சண்டையைக் கேட்பது போலத்தான். அதனால் தொடங்க ஏற்ற ஐந்து படைப்புகளை இங்கே எடைபோட்டிருக்கிறேன். இரண்டு சமயப் படைப்புகள், மூன்று ஓபராக்கள்.

இது எங்கிருந்து வந்தது

1600ஆம் ஆண்டு இத்தாலியில் இந்த முறை இரண்டு ஊர்களில் மேடையேறியது. பிப்ரவரியில் ரோமில் ஒரு ஜெபக்கூடத்தில் எமிலியோ தெ கவாலியேரி, ஆன்மாவும் உடலும் பாத்திரங்களாக வரும் சமய நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். அக்டோபரில் ஃப்ளாரன்ஸில், பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் மரியா தெ மெதிச்சிக்கும் நடந்த திருமண விழாவில் ஜாகப்போ பெரியின் 'யூரிடிசே' நடந்தது. ஆக, ரெசிடேட்டிவ் தொடக்கத்திலிருந்தே கோயிலுக்கும் அரண்மனைக்கும் பொதுவான சொத்து. ஓபராவிலிருந்து கோயில் கடன் வாங்கியது என்று சொல்வது சரியல்ல.

அதற்கு முன்பு அவர்களுக்கு இருந்த குறை எளிமையானது. நாலைந்து குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாடும்போது சொல் காதில் விழுவதில்லை. விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி இதைப் பற்றி 1581இல் ஒரு நூலே எழுதினார். பழைய கிரேக்க நாடகத்தில் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவான ஒரு முறை இருந்திருக்க வேண்டும் என்று நம்பிய பெரி, அதைத் தேடிப் போய் இதைக் கண்டடைந்தார்.

இதில் இரண்டு வகை தெரிந்தால் போதும். ஹார்ப்சிகார்டோ ஆர்கனோ, கூட ஒரு செல்லோ, அவ்வளவுதான் துணை என்றால் அது 'செக்கோ'. வறண்டது என்று பொருள். இசைக்குழுவே கூட வாசித்தால் 'அக்கம்பன்யாட்டோ'. செக்கோவில் பாடகர் பேச்சின் வேகத்தில் ஓடுவார். அக்கம்பன்யாட்டோவில் தந்தி வாத்தியங்கள் குறுக்கிடும், பதில் சொல்லும், சில நேரம் அவர் மனதில் ஓடுவதை அவருக்கு முன்பே சொல்லிவிடும்.

இது நம் விருத்தம் மாதிரியா என்று கேட்பார்கள். தாளக்கட்டு இல்லாதது மட்டும்தான் ஒற்றுமை. விருத்தத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ராகம் விரியும். இங்கே ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம்; சொல் நிற்பதே இல்லை. விருத்தத்தின் காதோடு கேட்டால் இது வெறுமையாகப் படும். கதை சொல்பவரைக் கேட்கிற காதோடு கேட்க வேண்டும்.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மொழி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். அந்த மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வரியிலும் என்ன சொல்கிறார் என்பது கையிலோ திரையிலோ இருக்கிறதா என்பதே கேள்வி.

இரண்டாவது, ரெசிடேட்டிவ் எவ்வளவு சுமை தூக்குகிறது. சிலவற்றில் அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை. சிலவற்றில் அது பாட்டுக்கு வாசல்படி மட்டும். மூன்றாவது, ஒரே அமர்வில் எவ்வளவு நேரம் கேட்கும்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை: மறைந்திருக்கும் செலவு. வெட்டப்பட்ட ஒலிப்பதிவு, பகுதி மட்டும் நடக்கும் நிகழ்ச்சி, ஒருவருக்கொருவர் மாறுபடும் வாத்திய அமைப்பு என்று பல உண்டு. இவை தெரியாமல் போனால் படைப்பின் மேல் தவறான அபிப்பிராயம் விழுந்துவிடும்.

| படைப்பு | மொழி | சுமார் நேரம் | ரெசிடேட்டிவின் சுமை | கையில் வேண்டியது |
|---|---|---|---|---|
| பர்செல், 'டைடோ அண்ட் ஏனியஸ்' | ஆங்கிலம் | 1 மணி | நடுத்தரம் | ஒன்றும் தேவையில்லை |
| ஹேண்டல், 'மெசையா' | ஆங்கிலம் | 2½ மணிக்குச் சற்று முன்பின் | குறைவு, ஆனால் முக்கியமான இடங்களில் | வேதாகமம் இருந்தால் நல்லது |
| பாக், 'மத்தேயு பாஷன்' (மத்தேயு சொல்லும் கிறிஸ்துவின் பாடுகள்) | ஜெர்மன் | 2¾ மணி | மிக அதிகம் | தமிழ் வேதாகமம், மத்தேயு 26, 27 |
| மொசார்ட், 'ஃபிகரோவின் திருமணம்' | இத்தாலியம் | 3 மணி | மிக அதிகம் | சப்டைட்டில் உள்ள வீடியோ |
| மான்டிவெர்டி, 'ஓர்ஃபியோ' | இத்தாலியம் | 2 மணிக்குள் | அதுவேதான் படைப்பு | வரிக்கு வரி மொழிபெயர்ப்பு |

பர்செல்: 'டைடோ அண்ட் ஏனியஸ்'

நேரமில்லாதவர்களுக்கு இது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆங்கிலத்தில் இருக்கிறது, கதை எளிது: கார்த்தேஜ் ராணி டைடோவை ஏனியஸ் விட்டுப் போகிறான், அவள் இறக்கிறாள். 1689 வாக்கில் லண்டனை அடுத்த செல்சியில் பெண்கள் பள்ளி ஒன்றில் நடந்ததாகச் சான்று இருக்கிறது.

கடைசியில் அவள் பாடும் புலம்பல் உலகப் புகழ் பெற்றது. தொகுப்புகளில் அதை மட்டும் தனியாகப் பிய்த்துப் போடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு நிமிட அளவில் ஒரு ரெசிடேட்டிவ் உண்டு. "உன் கையைக் கொடு, பெலிண்டா; இருள் என்னைச் சூழ்கிறது" என்று தோழியிடம் சொல்கிறாள். குரல் மேலிருந்து அரை ஸ்வரம், அரை ஸ்வரமாக இறங்கிக்கொண்டே வருகிறது. நிற்கக்கூடப் பலமில்லாத ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவது போல. அப்புறம் தொடங்கும் புலம்பலில் பாஸ் என்னும் தாழ்சுருதி வாத்தியங்களும் அதே போல அரை ஸ்வரமாக இறங்கித் திரும்பத் திரும்பச் சுற்றும். ரெசிடேட்டிவைத் தாண்டியவருக்கு அது அழகான பாட்டு. கேட்டவருக்கு, அவள் ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டாள் என்பது தெரியும்.

குறை என்னவென்றால், இங்கே ரெசிடேட்டிவ் பாதி பாட்டாகவே இருக்கிறது. இத்தாலிய ஓபராவின் சளசளப்பான செக்கோவுக்கு இது உங்களைத் தயார் செய்யாது. பர்செல் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை என்பதால் ஒலிப்பதிவுக்கு ஒலிப்பதிவு சில இடங்கள் மாறும்.

ஹேண்டல்: 'மெசையா'

1741இல் ஆகஸ்ட் 22 தொடங்கி செப்டம்பர் 14க்குள் எழுதி முடித்தது. முதல் அரங்கேற்றம் 1742 ஏப்ரல் 13, டப்ளின். முழுக்க வேத வசனங்கள். அவற்றைத் தொகுத்தவர் சார்ல்ஸ் ஜென்னன்ஸ். பாத்திரங்கள் கிடையாது, உரையாடல் கிடையாது. எனவே ரெசிடேட்டிவ் குறைவுதான். இருக்கிற இடங்களில் அது செய்யும் வேலை பெரிது.

ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். நம்மில் பலர் கிறிஸ்துமஸ் ஆராதனையில் கேட்டு வளர்ந்த லூக்கா 2ஆம் அதிகாரம்: "மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி, இராத்திரியிலே தங்கள் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள்." சோப்ரானோ, அதாவது உச்சக்குரல் பாடகி, இதைச் செக்கோவில் சொல்கிறார். குரலும் ஒரு நாண் அடியும், வேறொன்றும் இல்லை, வயல், இரவு. அடுத்த வசனத்தில் தேவதூதன் வந்து நிற்கிறான், உடனே வயலின்கள் மின்னத் தொடங்குகின்றன, அக்கம்பன்யாட்டோவாகிவிட்டது. "பயப்படாதிருங்கள்" என்று தூதன் பேசும்போது மறுபடி செக்கோ, ஏனென்றால் இப்போது சொல் கேட்க வேண்டும். "பரமசேனையின் திரள்" தோன்றும்போது வயலின்கள் திரும்ப வந்து இன்னும் வேகமாக ஓடுகின்றன. நேரே "உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமை" கோரஸில் போய் விழுகிறது. அங்கேதான் இந்தப் படைப்பிலேயே முதல் தடவையாக ட்ரம்பெட் ஒலிக்கிறது, அதுவும் தூரத்திலிருந்து வருவது போல மெல்ல வாசிக்கச் சொல்லியிருக்கிறார் ஹேண்டல். நான்கு ரெசிடேட்டிவும் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள்.

சிறுவயதில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இந்தக் கோரஸை ஒரு டிசம்பரில் பாடினோம். சோப்ரானோ தனிப்பாடகி கிடைக்காததால் அந்த நான்கையும் விட்டுவிட்டு நேரே கோரஸுக்குப் போனோம். நன்றாகத்தான் பாடினோம். ஆனால் பல வருடம் கழித்து முழுதாகக் கேட்டபோதுதான் எதை விட்டோம் என்பது புரிந்தது. இருட்டு இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் கொடுத்திருந்தோம்.

இதன் மறைந்த செலவும் டிசம்பரில்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் முதல் பாகத்தையும் அல்லேலூயா கோரஸையும் மட்டும் பாடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பாடும் "நிந்தை என் இருதயத்தைப் பிளந்தது" என்ற சங்கீதம் 69இன் வசனம் அதனால் பலர் காதில் விழுவதே இல்லை. ஹேண்டலின் அக்கம்பன்யாட்டோக்களில் என்னை அதிகம் உலுக்குவது அதுதான். தந்தி வாத்தியங்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் சுருதியை மாற்றிக்கொண்டே போகும், ஆறுதல் தேடி வீடு வீடாகக் கதவைத் தட்டுவது போல.

ஆங்கிலம் பரிச்சயமானவர்கள், வேத வசனம் தெரிந்தவர்கள், வீட்டில் குழந்தைகளோடு சேர்ந்து கேட்க நினைப்பவர்கள் இதில் தொடங்கலாம். உரையாடல், நாடகம் வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது.

பாக்: 'மத்தேயு பாஷன்'

ஐந்தில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் தமிழ் வாசகர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டே முக்கால் மணி நேரம், அதுவும் ஜெர்மன் என்றதும் பின்வாங்க வேண்டாம். காரணம் இதுதான்: இதில் கதை சொல்லும் பகுதி முழுவதும் மத்தேயு நற்செய்தியின் 26, 27 அதிகாரங்கள். சுருக்கமில்லை, தழுவலில்லை, லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் 141 வசனங்களும் அப்படியே. வரிக்கு வரி மொழிபெயர்ப்புப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். தமிழ் வேதாகமத்தை மடியில் விரித்து வைத்து விரலால் வசனத்தைத் தொடர்ந்தாலே போதும். எந்த ஓபராவும் நமக்கு இந்த வசதியைத் தராது. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு அதிகாரம் படிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்.

1727இல் பெரிய வெள்ளியன்று லைப்சிக் நகர் புனித தோமா ஆலயத்தில் மாலை வழிபாட்டின்போது முதலில் பாடப்பட்டது. நடுவில் பிரசங்கம், அதற்கு முன் ஒரு பாகம், பின் ஒரு பாகம். பாடுகளின் வரலாற்றைக் குரல் பிரித்து வாசிக்கும் வழக்கம் அதற்கும் பல நூற்றாண்டு பழையது. நம் ஊர்க் கத்தோலிக்க ஆலயங்களில் குருத்து ஞாயிறன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருவர் இயேசுவாகவும், ஒருவர் கதை சொல்பவராகவும், மற்றவர்களுக்காக இன்னொருவரும் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பாக் கையில் எடுத்ததும் அதே மரபைத்தான்.

நற்செய்தியாளர் ஒரு டெனர். அவருக்கு ஆர்கனும் செல்லோவும் மட்டும், அதாவது செக்கோ. இயேசு பேசும்போதெல்லாம் தந்தி வாத்தியங்கள் நீண்ட ஸ்வரங்களாகச் சூழ்ந்து நிற்கும்; ஓவியத்தில் தலையைச் சுற்றி வரையும் ஒளிவட்டம் போல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இது பழகிவிடும். பிறகு சிலுவையில் "ஏலி! ஏலி! லாமா சபக்தானி" என்ற இடத்தில் தந்தி வாத்தியங்கள் இல்லை. ஒரு மனிதனின் குரல் மட்டும். கைவிடப்படுவதை இதற்கு மேல் எளிமையாக இசையில் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ரெசிடேட்டிவைத் தாண்டித் தாண்டி வந்தவருக்கு இங்கே ஒன்றுமே நடக்காது. இருந்ததைக் கேட்டவருக்குத்தானே இல்லாமல் போனதும் கேட்கும்.

இன்னோர் இடம், பேதுரு மறுதலிப்பது. 26ஆம் அதிகாரம் 69 முதல் 75 வரை. வேலைக்காரி கேட்கிறாள், பேதுரு இல்லை என்கிறான். இன்னொருத்தி கேட்கிறாள், மறுபடி இல்லை. கூட்டம் மடக்குகிறது, சத்தியம் பண்ணுகிறான், சேவல் கூவுகிறது. இதுவரை நற்செய்தியாளர் ஒரு சாட்சி போல, ஓர் அசைக்கு ஒரு ஸ்வரமாக, நிதானம் தவறாமல் சொல்லிக்கொண்டு வந்தார். "வெளியே போய், மனங்கசந்து அழுதான்" என்ற இடத்தில் அவராலேயே முடியவில்லை. அந்தச் சொற்கள் நீண்டு, வளைந்து, ஏறி, இறங்குகின்றன. சாட்சி சொல்பவரே அழுகிறார். அதற்குப் பின்னால் வரும் "இரக்கமாயிரும்" என்னும் ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்) ஆரியாவை, அதாவது தனிப்பாட்டை, பலரும் அறிவார்கள்; அதன் வயலின் அந்த அழுகையிலிருந்துதான் தொடங்குகிறது. பாக்குக்கு இந்த வசனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: யோவான் நற்செய்தியில் பேதுரு அழுததாக வசனம் இல்லை. ஆனாலும் தன் 'யோவான் பாஷன்' படைப்பில் மத்தேயுவிலிருந்து அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

செக்கோ என்றால் வறட்சி என்று நினைப்பவர்கள் 27:51ஐக் கேட்க வேண்டும். திரைச்சீலை "மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும்" கிழிகிறது. வெறும் ஆர்கனும் செல்லோவும் மேலிருந்து கீழே சரிந்து ஓடுகின்றன. பூமி அதிர்கிறது, செல்லோ நடுங்குகிறது. இத்தனைக்கும் இரண்டு வாத்தியங்கள்தான்.

1736இல் பாக் இதைச் சுத்தப் பிரதியாக எழுதியபோது நற்செய்தி வசனங்களைச் சிவப்பு மையில் எழுதினார். படைப்பின் முதுகெலும்பு எது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

இதிலும் செலவு உண்டு. கதை நகரும்போது நடுநடுவே ஆரியா வந்து நின்று தியானிக்கும். அவை நீளமானவை, அவற்றின் பாடலாசிரியர் பிக்காண்டரின் வரிகள் வேதாகமத்தில் கிடைக்காது. முதல் முறை முழுதும் முடியவில்லை என்றால் ஆரியாக்களைத் தாண்டுங்கள், ரெசிடேட்டிவைத் தாண்டாதீர்கள். இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 1829 மார்ச்சில் பெர்லினில் இருபது வயது மெண்டல்சன் இந்தப் படைப்பை உயிர்ப்பித்தபோது பல ஆரியாக்களை வெட்டினார். கதை சொல்லும் பகுதிகளைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டார்.

மொசார்ட்: 'ஃபிகரோவின் திருமணம்'

1786 மே 1, வியன்னா. வசனம் லொரென்சோ தா பொன்தே, மூலம் பொமார்ஷேயின் பிரெஞ்சு நாடகம். மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிச் சிரித்துப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைக் கேட்க வேண்டும் என்றால் இதற்கு இணை இல்லை.

நான் இந்த ஓபராவுக்கு வந்த வழி தவறானது. 'சிறந்த பாடல்கள்' என்று போட்ட ஒரு குறுந்தட்டு வாங்கினேன். அதில் ரெசிடேட்டிவ் முழுவதையும் எடுத்திருந்தார்கள். மூன்றாம் அங்கத்தில் ஆறு பேர் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு அதில் இருந்தது. ஒரு பெண்மணி ஃபிகரோவைக் கட்டிப்பிடித்து "மகனே" என்கிறாள். இவள்தானே கடன் பத்திரத்தைக் காட்டி அவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளத் துடித்தவள்! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சில வருடம் கழித்துச் சப்டைட்டிலோடு பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அந்தப் பாட்டுக்கு முன்னால் உள்ள செக்கோவில், தன் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மணக்க முடியாது என்று சாக்குச் சொல்லும் ஃபிகரோ, வலக்கையில் இருக்கும் ஓர் அடையாளத்தைப் பற்றிச் சொல்கிறான். அந்தப் பெண்மணி, மார்செல்லினா, திடுக்கிடுகிறாள். "இதோ உன் தாய்." "என்னை வளர்த்த தாதியா?" "இல்லை, உன் தாய்." ஹார்ப்சிகார்டின் நாலு தட்டுக்குள் கதையே தலைகீழாகிவிட்டது. அந்த நாலு தட்டைத்தான் என் குறுந்தட்டிலிருந்து எடுத்திருந்தார்கள்.

செக்கோவும் அக்கம்பன்யாட்டோவும் எப்போது மாறுகின்றன என்பதைக் கற்றுக்கொள்ளவும் இதுவே நல்ல பள்ளி. அன்றாடப் பேச்செல்லாம் செக்கோ. பிரபுவின் மனைவி தனியாக நின்று, வேலைக்காரி சுசான்னா இன்னும் வரவில்லையே என்று தவிக்கும்போது இசைக்குழு உள்ளே வருகிறது. வேலைக்காரியின் உடையைப் போட்டுக்கொண்டு கணவனைப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோமே என்ற அவமானம் அந்தச் சில வரிகளில் வயலின்களோடு ஏறுகிறது. அந்த அவமானத்தின் மேல்தான் "எங்கே போயின அந்த இனிய நாட்கள்" என்ற ஆரியா நிற்கிறது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாதபோதுதான் இசைக்குழு அவளோடு பேசுகிறது.

செலவு: ஒலிமட்டும் கேட்டால் இந்த ரெசிடேட்டிவ் உங்களை வெளியே தள்ளிவிடும். இத்தாலியம் அவ்வளவு வேகம். சப்டைட்டில் உள்ள வீடியோ இல்லாமல் தொடங்காதீர்கள். அதிலும் கண் எழுத்தையே துரத்தும், நடிப்பு தப்பிப்போகும். அதனால் ஒவ்வோர் அங்கத்தின் கதையையும் முன்பே படித்துவிடுவது நல்லது. மேடையில் ரெசிடேட்டிவின் வரிகளைச் சுருக்குவதும் நான்காம் அங்கத்தின் இரண்டு ஆரியாக்களை விடுவதும் வழக்கம். வாங்குவதற்கு முன் முழுமையானதா என்று பாருங்கள்.

நாடகம், சினிமா ரசிப்பவர்களுக்கு இது. பயணத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பவர்களுக்கு வேண்டாம்.

மான்டிவெர்டி: 'ஓர்ஃபியோ'

1607, இத்தாலியின் மாந்துவா நகரம். மற்ற நான்கிலும் ரெசிடேட்டிவ் ஓர் உறுப்பு. இங்கே அதுதான் உடல். பாட்டு எங்கே தொடங்கியது, சொல் எங்கே முடிந்தது என்று கோடு போட முடியாது.

இரண்டாம் அங்கத்தில் ஆயர்கள் ஆடிப் பாடிக் கொண்டாடுகிறார்கள். தூதுப்பெண் ஒருத்தி உள்ளே வருகிறாள். மான்டிவெர்டி அவளுக்கு மரக்குழல் ஆர்கன் ஒன்றையும் கிட்டரோனே என்னும் நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியத்தையும் மட்டும் கொடுத்திருக்கிறார். சூழல் ஒரே நொடியில் குளிர்ந்துவிடுகிறது. ஓர்ஃபியோவிடம் அவள் சொல்கிறாள்: "உன் அன்பு மனைவி இறந்துவிட்டாள்." அவன் பதில் ஒரே சொல்: "ஓய்மே." ஐயோ. ஆரியா எழுதிப் பழகிய பிற்கால இசைஞர்கள் இங்கே பத்து நிமிடம் பாட வைத்திருப்பார்கள். இவனுக்குப் பேச்சே வரவில்லை.

ஆனால் முதல் படைப்பாக இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். முணுமுணுக்க மெட்டு அதிகம் கிடைக்காது. 1609இல் அச்சான பிரதி பல இடங்களில் பாடும் வரியையும் பாஸ் வரியையும் மட்டும் தருகிறது; மீதியை வாசிப்பவர்கள் நிரப்புகிறார்கள். ஒரு குழுவின் ஒலிப்பதிவு பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், இரண்டும் இரண்டு படைப்பு போலவே இருக்கும். பர்செலோ பாக்கோ ஒன்று கேட்டபின் இதற்கு வருகிறவர்கள் திரும்பிப் போவதில்லை. கவிதை வாசிப்பவர்கள் நேராகவே வரலாம்.

ரெசிடேட்டிவே வேண்டாம் என்றால்

இவ்வளவுக்குப் பிறகும் ஒத்துவரவில்லை என்பவர்களுக்குப் பேச்சு வசனம் உள்ள ஓபராக்கள் இருக்கின்றன. பிசேயின் 'கார்மென்' 1875இல் பேச்சு வசனத்தோடுதான் மேடையேறியது. அவர் அதே வருடம் இறந்த பிறகு, வியன்னாவுக்காக எர்னெஸ்ட் கிரோ ரெசிடேட்டிவ் எழுதிச் சேர்த்தார். இரண்டு வடிவமும் புழக்கத்தில் உள்ளதால் எது கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் விருப்பம் பேச்சு வடிவம். மற்றதில் பாத்திரங்களைப் பற்றிய விவரங்கள் பல சுருங்கிவிட்டன.

மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்', 1791, இன்னும் எளிது. ஜெர்மன் பேச்சு வசனம், ஒவ்வொரு பாட்டும் மனதில் நிற்கும். ஒலிப்பதிவுகளில் பேச்சைக் குறைத்துவிடுவார்கள் என்பது மட்டும் குறை. ஆனால் முதல் அங்கத்தின் இறுதியில் இளவரசன் டாமினோ கோயில் கதவுகளைத் தட்டுகிறான். இரண்டு கதவு திறக்கவில்லை. மூன்றாவதில் முதிய குரு ஒருவர் வருகிறார். இதுவரை தான் நம்பியதெல்லாம் பொய்யாக இருக்கலாம் என்று டாமினோவுக்குத் தெரிய வரும் இந்த இடத்தில் மொசார்ட் பேச்சை நிறுத்திவிட்டு ரெசிடேட்டிவுக்கு மாறுகிறார். குரு போன பின் டாமினோ இருட்டில் தனியாக நின்று, இந்த இரவு எப்போது முடியும் என்று கேட்கிறான். உள்ளிருந்து குரல்கள் பதில் சொல்கின்றன: விரைவில், அல்லது ஒருபோதும் இல்லை. தான் தேடி வந்த பமீனா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கிறான். உயிரோடுதான் இருக்கிறாள் என்கின்றன குரல்கள்.